பினாங்கில் குவாண்டம் தரைநிலையம்: 60 செ.மீ. தொலைநோக்கி போதுமா?

#1 ஒற்றைத்துகள்

வணக்கம். செயற்கைக்கோளிலிருந்து ஒற்றை ஒளித்துகள்களாக இறங்கும் குவாண்டம் சாவியை (ஒட்டுக்கேட்டால் தெரிந்துவிடும் ரகசியச் சாவி) பிடிக்கும் ஒரு தரைநிலையத்தைத் தாளில் வரைந்து பார்க்கிறேன். அனுப்புவது கோள், வாங்குவது நாம். ஃபோட்டானின் போலரைசேஷனில் பிட்டை ஏற்றும் பிபி84 நெறிமுறை, ஒட்டுக்கேட்பவரைக் காட்டிக்கொடுக்கும் டிகாய் (பொய்த்) துடிப்புகளோடு. அலைநீளம் 850 நானோமீட்டர். 60 செ.மீ. தொலைநோக்கி ஒன்று, நான்கு சிலிக்கான் ஒற்றை ஃபோட்டான் டிடெக்டர்கள். ஒரு நிலையம் பினாங்கில், மற்றொன்று கோலாலம்பூரில். இரண்டுக்கும் பொதுவான சாவி கிடைக்கவேண்டும்.

இடத்துக்கு மூன்று யோசனை: பாயான் லெப்பாஸ் கட்டடக் கூரை, பாலிக் பூலாவ் பக்கம் பந்தாய் ஆச்சே, அல்லது புக்கிட் பெண்டேரா உச்சி. மலை உயரம் என்பதால் மனம் அங்கேதான் சாய்கிறது.

60 செ.மீ. போதுமா, 1 மீட்டருக்குப் போகவேண்டுமா? வேறு எதில் சறுக்கும்?

#2 டெசிபெல்தாசன்

முதலில் இழப்புக் கணக்கைப் போடுவோம் தம்பி. மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

சீனாவின் மிசியஸ் குவாண்டம் கோளையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 2016 ஆகஸ்ட் 16இல் ஏவப்பட்டது. சுமார் 500 கி.மீ. உயரம், அனுப்பும் தொலைநோக்கி 30 செ.மீ.; கதிரின் விரிவு ஏறக்குறைய 10 மைக்ரோரேடியன். தலைக்கு நேர் மேலே 500 கி.மீ.யில் நிற்கும்போது தரையில் ஒளிப்பொட்டின் அகலம் 5 மீட்டர். அடிவானிலிருந்து 20 பாகைக்கு இறங்கிவிட்டால் தூரம் 1,190 கி.மீ. ஆகிறது, பொட்டும் 12 மீட்டராக விரிகிறது. அதில் உங்கள் 60 செ.மீ. வாய் எவ்வளவு அள்ளும்? பொட்டு முழுக்க ஒரே சீராக இருப்பதாக எடுத்துக்கொண்டால் 0.6ஐ 12ஆல் வகுத்து வர்க்கம்: 400இல் ஒரு பங்கு, அதாவது 26 டெசிபெல் (ஒவ்வொரு 10 டெசிபெல்லும் பத்தில் ஒரு பங்காகக் குறைப்பது). நேர் மேலே என்றால் 18.

அதன்மேல் காற்றுமண்டலம் 3, கண்ணாடிகளும் ஃபில்டரும் 3 முதல் 4, டிடெக்டர் பாதியைத்தான் எண்ணும் என்பதால் 3, குறிபார்க்கும் பிழைக்கு 2. மொத்தம் 38 பக்கம் நிற்கும். ஆறாயிரத்துச் சொச்சம் ஃபோட்டானில் ஒன்று உங்களுக்கு.

கோள் விநாடிக்கு 10 கோடித் துடிப்பு அனுப்புகிறது, அதில் பாதி சிக்னல் துடிப்பு, துடிப்புக்குச் சராசரி 0.8 ஃபோட்டான் என்று வைத்தால் 20 பாகையில் விநாடிக்கு ஆறாயிரம் எண்ணிக்கை வரும். அனுப்பும்போதும் அளக்கும்போதும் தேர்ந்த போலரைசேஷன் அடித்தளம் பொருந்தாதவற்றைக் கழித்தால் மூவாயிரம். நேர் மேலே வரும்போது இது ஏழெட்டு மடங்கு ஏறும். சீனாவின் ஷிங்லோங் நிலையத்தில் 1 மீட்டர் தொலைநோக்கியால், கோள் வானில் கடந்துபோகும் 273 விநாடிக் கடப்பு ஒன்றில் மிசியஸ் கொடுத்த இறுதிச் சாவி சுமார் 3 லட்சம் பிட். 256 பிட் சாவி கேட்கும் ஏஇஎஸ் 256 மறையாக்கத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சாவிகள் அதில் தேறும்.

60லிருந்து 100 செ.மீ.க்குப் போனால் லாபம் 4.4 டெசிபெல், 2.8 மடங்கு. செலவு ஏறுவது 2.8 மடங்கோடு நிற்காது. குவிமாடம், பீடம், மோட்டார் எல்லாம் சேர்ந்து ஏறும். 60 போதும் என்பேன்.

#3 சாவிக்கொத்து

ஒரு இடைக்கேள்வி. பினாங்கு, கோலாலம்பூர் இரண்டுக்கும் நடுவே கோள் எதற்கு? நெடுஞ்சாலையை ஒட்டி ஒளியிழை இருக்கிறது. 350 கி.மீ., கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல், மொத்தம் 70. தைப்பிங், ஈப்போ, தஞ்சோங் மாலிம் பக்கம் நம்பகக் கணு (சாவியை வாங்கி மறுபடி அனுப்பும், நாம் நம்பவேண்டிய இடைநிலையம்) வைத்து வெட்டினால் ஒவ்வொரு துண்டும் இருபத்தைந்துக்குள் அடங்கும். மழை பெய்தாலும் வேலை செய்யும்.

கோள் தேவைப்படுவது கோத்தா கினபாலுவுக்கு. கோலாலம்பூரிலிருந்து நேர்க்கோட்டில் 1,600 கி.மீ.க்கு மேல், நடுவே தென்சீனக் கடல். இழையில் 320 டெசிபெல். 200 டெசிபெல் இழப்பிலேயே விநாடிக்கு ஆயிரம் கோடி ஃபோட்டான் அனுப்பினாலும் ஒன்று வந்து சேர முந்நூறு ஆண்டு ஆகும். 320 பற்றிப் பேசுவதே வீண். நடுக்கடலில் கணு வைக்கவும் முடியாது.

#4 ஒற்றைத்துகள்

// கோள் தேவைப்படுவது கோத்தா கினபாலுவுக்கு //

ஏற்றுக்கொள்கிறேன். பினாங்கு முதல் நிலையமாகவே இருக்கட்டும். மறுமுனையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பினாங்கு வானம் இதற்கு ஒத்துவருமா என்பதுதான் இப்போது தெரியவேண்டும்.

#5 மழைக்கணக்கு

அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியிருக்கவேண்டும். 60ஆ 100ஆ என்பதைவிட இரண்டு விஷயம் பெரியது: கோள் எத்தனை முறை வருகிறது, வரும்போது மேகம் இருக்கிறதா.

மிசியஸ் போல் துருவத்தை ஒட்டிச் சுற்றும் சூரிய ஒத்திசைவுக் கோள் (ஓர் இடத்தை எப்போதும் ஏறக்குறைய ஒரே உள்ளூர் நேரத்தில் கடப்பது) ஒரு நாளில் பதினைந்து சுற்று சுற்றும். நிலநடுக்கோட்டில் அடுத்தடுத்த தடங்களுக்கு இடைவெளி சுமார் 2,630 கி.மீ. 500 கி.மீ. உயரக் கோள் 20 பாகைக்கு மேல் தெரியவேண்டுமானால் அதன் தடம் நம்மிலிருந்து 1,040 கி.மீ.க்குள் போகவேண்டும், இரு பக்கமும் சேர்த்து 2,080. இரவுப் பக்கக் கடப்பை மட்டும் எண்ணினால் பத்து இரவில் எட்டு இரவு ஒரே ஒரு கடப்பு, மீதி இரண்டு இரவு ஒன்றும் இல்லை. கிடைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு மேகக் கீற்று நின்றால் அன்றைய கணக்கு முடிந்தது. துருவத்தை நெருங்க நெருங்கத் தடங்கள் நெருங்கி வரும். ஐரோப்பாக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. 5.4 பாகையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

மாற்று ஒன்று உண்டு, நம் நாடு ஏற்கெனவே செய்து பார்த்தது. 2009 ஜூலை 14இல் ஃபால்கன் 1 ராக்கெட் ஏவிய ராசாக்சாட்: 685 கி.மீ. உயரம், நிலநடுக்கோட்டுக்குச் சாய்வு 9 பாகை. படம் எடுக்கப் போன கோள்தான், குவாண்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தப் பாதை மலேசியாவுக்கென்றே தைத்த சட்டை மாதிரி. ஒரு நாளில் பதினான்கு கடப்பு.

#6 டெசிபெல்தாசன்

// தைத்த சட்டை //

சட்டை எல்லா நாளும் பொருந்தாது. பினாங்கு 5.4 பாகை வடக்கு. கோள் நம் தீர்க்கரேகையைக் கடக்கும்போது அது 9 பாகை தெற்கில் இருந்தால் இடைவெளி 14 பாகையைத் தாண்டும். 685 கி.மீ. உயரத்துக்கு 20 பாகை எல்லை என்பது தரையில் 12 பாகை வட்டம். ஆக அந்தக் கடப்பு உதவாது. தோராயமாக நான்கில் ஒரு கடப்பு இப்படிப் போகும்.

அதோடு, கோள் கடக்கும் அட்சரேகை ஒரே நாளுக்குள் வடக்கிலிருந்து தெற்குக்கு ஒரு முழு ஊசலாட்டம் ஆடும். நல்ல பாதி இரவில் விழுகிறதா பகலில் விழுகிறதா என்பது, சுற்றுத்தளம் சூரியனைப் பொறுத்து நாளுக்கு எட்டு பாகை நகர்வதால், சுமார் ஒன்றரை மாதச் சுழற்சியில் மாறும். சில வாரம் விருந்து, சில வாரம் அரைவயிறு.

இருந்தாலும் சராசரியாக இரவுக்கு நான்கைந்து நல்ல கடப்பு. உயரம் கூடியதால் 2.7 டெசிபெல் போகிறது, ஆனால் நேர் மேலே வரும் கடப்பு ஐந்துக்குப் பதில் ஏழு நிமிடம் நீள்கிறது. எல்லாம் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு சாவி. 1 மீட்டர் கண்ணாடி தரும் 2.8 மடங்கைவிட இது மேல். அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

#7 மழைக்கணக்கு

நான்கு மடங்கைவிட முக்கியமானது, கடப்புகளுக்கு நடுவே 105 நிமிடம் இருப்பது. ஒன்பது மணிக் கடப்பு மேகத்தில் போனால் பத்தே முக்காலுக்கு இன்னொரு வாய்ப்பு. நம் மேகம் இரவு முழுக்க ஒரே மாதிரி நிற்பதில்லை. கோலாலம்பூரில் ஏப்ரல், அக்டோபர் பருவ மாற்ற மாதங்களில் பிற்பகல் இடிமழை, அதன் மிச்ச மேகம் முன்னிரவு வரை. நள்ளிரவுக்குப் பிறகு பல நாள் விடும். பினாங்கில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்குச் சற்று முன் சுமாத்திராவிலிருந்து காற்றோடு மழைக்கோடு ஒன்று வந்து மோதும்; அந்த மாதங்களில் ஐந்து மணிக் கடப்பை நம்பாதீர்கள்.

நல்ல பருவம் ஜனவரி, பிப்ரவரி. வடகிழக்குப் பருவக்காற்றைத் தித்திவாங்சா மலைத்தொடர் தடுத்துக்கொள்வதால் மேற்குக் கரை காய்ந்து கிடக்கும். அதே பருவக்காற்றின் தொடக்கத்தில், நவம்பர், டிசம்பரில், கிழக்குக் கரையில் கோத்தா பாரு பக்கம் நனைந்துவிடும். ஆகவே இரண்டாம் நிலையம் வைப்பதானால் மலைக்கு அந்தப் பக்கம் வையுங்கள். பட்டர்வொர்த்தில் ஒன்று, பாயான் லெப்பாஸில் ஒன்று என்று வைத்தால் ஒரே மேகம் இரண்டையும் மூடும்.

புகைமூட்டம் தனிக் கதை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மோசமான ஆண்டுகளில் தூசுப்படல ஒளித்தடிமன் 1ஐத் தாண்டும். தடிமன் 1 என்றால் நேர் மேலே 4.3 டெசிபெல், அடிவானிலிருந்து 30 பாகை உயரத்தில் காற்றுப்பாதை இரட்டிப்பாவதால் 8.7. டெசிபெல்தாசன் ஒதுக்கிய 3 அங்கே காணாமல் போகும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், தூசுப்படலத்தை அளக்கும் ஏரோநெட் வலையமைப்பின் நிலையம் இருக்கிறது. அதன் தரவு இலவசம். இறக்கி வைத்து மாதவாரியாகப் பாருங்கள்.

#8 கண்ணாடிக்காரர்

இடம் பற்றி நான் சொல்கிறேன். புக்கிட் பெண்டேராவை மறந்துவிடுங்கள். 800 மீட்டர் உயரம் நம் ஈரப்பதத்தைத் தாண்டாது. மேகத்துக்கு மேலே போக முடியாமல் மேகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். கெந்திங்கும் அப்படித்தான். சிலியிலும் திபெத்திலும் மலை உச்சி சரி, இங்கே சரிப்படாது.

பாயான் லெப்பாஸ் கூரையில் மூன்று சிக்கல். விமான நிலையம் பக்கத்தில். நீங்கள் கோளுக்கு வழிகாட்டி லேசர் மேல்நோக்கி அடிக்கவேண்டும், சில வாட் சக்தி. விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு பேசாமல் அதைச் செய்யக்கூடாது. அனுமதி கிடைத்தாலும் விமானங்கள் தம் இருப்பிடத்தைச் சொல்லும் ஏடிஎஸ்-பி சிக்னலைப் பிடிக்கும் கருவி ஒன்றை மாட்டி, விமானம் கூம்புக்குள் வந்தால் லேசர் தானே அணையும்படி ரிலே வைக்கவேண்டும். இரண்டாவது, கூரையில் இருக்கும் குளிர்சாதன யூனிட்களின் அதிர்வும் வெப்பக் காற்றும். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: பாதுகாப்புக் கேமராக்கள். இரவில் பார்க்க அவை வீசும் அகச்சிவப்பு எல்இடி பெரும்பாலும் 850 நானோமீட்டர். உங்கள் அலைநீளமேதான்! கண்ணுக்குத் தெரியாது, ஃபில்டரும் தடுக்காது, குவிமாட உள்சுவரில் பட்டுத் தெறித்து டிடெக்டருக்குப் போகும். சுற்றிலும் இருக்கும் கேமராக்கள் 940 நானோமீட்டர் வகையாக இருக்கவேண்டும், இல்லையென்றால் மறைப்பு வையுங்கள். பழைய மஞ்சள் சோடியம் தெருவிளக்குக்கு 819இல் ஒரு வலுவான கோடு உண்டு. அதை நல்ல ஃபில்டர் தடுத்துவிடும்.

ஆகவே பந்தாய் ஆச்சே. ஷேக் தாஹிர் வானியல் மையம் இருப்பதே அங்கேதான். மேற்கே கடல், கிழக்கே மலை ஜார்ஜ்டவுன் வெளிச்சத்தை மறைக்கும். உப்புக்காற்று மட்டும் தொல்லை. திருகெல்லாம் 316 ரக எவர்சில்வர் போடுங்கள்.

பனித்துளியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரவில் பனிநிலை 24 பாகை செல்சியஸ் பக்கம் நிற்கும். குளிரூட்டியை 20இல் வைத்துவிட்டுக் குவிமாடத்தைத் திறந்தால் முதன்மைக் கண்ணாடி அந்த நிமிடமே வேர்க்கும். துடைக்கவும் முடியாது, கடப்பு போய்விடும். பகலில் குளிரூட்டாமல் ஈரநீக்கி மட்டும் ஓட்டுங்கள், ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குள். கண்ணாடியைச் சூழலைவிட ஒன்றிரண்டு பாகை சூடாக வையுங்கள். அதற்குமேல் சூடேற்றினால் கண்ணாடி மேலேயே காற்று அலையடிக்கும். ஈரநீக்கியை ஒரு மாதம் மறந்தால் பூஞ்சை. பூச்சை அரித்துவிட்டால் மறுபூச்சுத்தான்.

#9 ஒற்றைத்துகள்

மலையை விட்டுவிட்டேன், ஐயா. ஒளியை வாங்கும் பெட்டிக்குள் என்னென்ன, எந்த வரிசையில்?

#10 கண்ணாடிக்காரர்

ஒளி வரும் வழியிலேயே போவோம்.

தொலைநோக்கிக்குப் பின் ஒளியை இணையாக்கி, வேகமாகச் சாயும் சிறுகண்ணாடி. பீடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பத்து இருபது மைக்ரோரேடியன் ஆடும். அதை இந்தச் சிறுகண்ணாடி விநாடிக்குச் சில நூறு முறை திருத்தும். எதைப் பார்த்துத் திருத்துவது? கோள் ஒரு வழிகாட்டி ஒளியும் அனுப்பும். மிசியஸில் அது 532 நானோமீட்டர் பச்சை. நிறம் பிரிக்கும் டைக்ரோயிக் கண்ணாடி பச்சையைக் கேமராவுக்கும் 850ஐ உள்ளேயும் அனுப்பும்.

அடுத்து ஊசித்துளை. பார்வைப் புலத்தை 100 மைக்ரோரேடியன் அளவுக்குச் சுருக்கும். புலத்தின் விட்டத்தைப் பாதியாக்கினால் வான இரைச்சல் கால்வாசி ஆகும். இந்தத் துளைக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஒட்டுக்கேட்பவர் கதிரைச் சற்றுச் சாய்த்து அனுப்பி நான்கு டிடெக்டரில் ஒன்றுக்கு மட்டும் அதிக ஒளி விழச் செய்யலாம்; துளை இருந்தால் சாய்ந்த கதிர் எதற்கும் போகாது. செலவு மிச்சம் என்று இதை விட்டுவிடாதீர்கள்.

பிறகு 1 முதல் 3 நானோமீட்டர் அகல ஃபில்டர், கதிர் இணையாக இருக்கும் இடத்தில். குவியும் கதிரில் வைத்தால் ஓரத்துக் கோணங்களுக்குக் கடவுப்பட்டை நீலப் பக்கம் நகர்ந்து சிக்னலையே வெட்டும்.

அதன்பின் போலரைசேஷன் திசையைத் திருப்பும் அரை அலைத்தகடு, மோட்டாரில் சுழல்வது. பிறகு 50க்கு 50 பிரிப்பான், அதுதான் அடித்தளத்தைத் தற்செயலாகத் தேர்வது. ஒரு கையில் நேராகப் போலரைசேஷன் பிரிப்பான். மறு கையில் 22.5 பாகையில் நிலையான அரை அலைத்தகடு, பிறகு இன்னொரு போலரைசேஷன் பிரிப்பான். நான்கு வாசல், நான்கு டிடெக்டர்.

கனசதுரப் பிரிப்பான் வாங்கும்போது ஏமாறுவது இங்கேதான். ஊடுருவும் வாசலில் ஆயிரத்துக்கு ஒன்று என்று விளம்பரத்தில் இருக்கும். தெறிக்கும் வாசலில் அது நூறுக்கு ஒன்றோ இருபதுக்கு ஒன்றோதான். இருபதுக்கு ஒன்று என்றால் அந்த டிடெக்டரில் 5 விழுக்காடு பிழை சும்மாவே வந்துவிடும். தெறிக்கும் வாசலுக்கு அடுத்து ஒரு சுத்திகரிப்புப் போலரைசர் வையுங்கள்.

#11 டெசிபெல்தாசன்

அந்தச் சுழலும் தகட்டைப் பற்றி. கோள் நகர நகர அதன் "மேல்" என்ற திசை உங்கள் "மேல்" திசையைப் பொறுத்துச் சுழல்கிறது, பீடமும் சுழல்கிறது. திருத்தாவிட்டால் பிழை, கோணத்தின் சைன் வர்க்கம். 5 பாகை தவறினால் 0.76 விழுக்காடு, 10 பாகை தவறினால் 3. சுற்றுப்பாதையிலிருந்து கோணத்தை முன்கூட்டியே கணக்கிட்டுத் தகட்டை அதில் பாதிக் கோணம் சுழற்றவேண்டும். முழுக் கோணம் சுழற்றினால் இரண்டு மடங்கு திரும்பிவிடும். எளிய தவறு, ஆனால் இதைச் செய்துவிட்டு டிடெக்டரைச் சந்தேகிப்பவர்கள் உண்டு.

பீடம் உயர-திசைக்கோண வகையானால் நேர் மேலே ஒரு குருட்டுப் பகுதி இருக்கும். 500 கி.மீ. கோள் உச்சியில் விநாடிக்கு 0.87 பாகை ஓடும். 85 பாகை உயரத்தில் கடந்தால் திசைக்கோணம் விநாடிக்கு 10 பாகை சுழலவேண்டும். 80 பாகையில் 5. உங்கள் மோட்டார் எதைத் தாங்கும் என்று பார்த்து, அதற்குமேல் போகும் கடப்புகளில் நடுவே சில விநாடியைத் துறந்துவிடுங்கள்.

பொதுவில் கிடைக்கும் சுற்றுப்பாதைக் குறிப்புகள் ஒரு நாள் பழசானாலே ஒரு கிலோமீட்டர், அதற்கு மேலும் பிசகும். ஒரு கிலோமீட்டர் பிசகு 500 கி.மீ. தூரத்தில் 2 மில்லிரேடியன், உங்கள் துளையின் இருபது மடங்கு. அதனால் அரை பாகைக்குக் குறையாத புலம் உள்ள தேடு கேமரா ஒன்று கட்டாயம்.

நேரம்: ஜிபிஎஸ் துடிப்பு சில பத்து நானோவிநாடி ஆடும், துடிப்புகளுக்கு இடைவெளியே 10 நானோவிநாடிதான். ஆக ஜிபிஎஸ் எந்த விநாடி என்று சொல்லும், எந்தத் துடிப்பு என்று சொல்லாது. அதைச் சொல்வது வழிகாட்டி ஒளியில் ஏற்றிய நேரத்துடிப்புகள். 20 பாகை உயரத்தில் கோள் விநாடிக்கு ஆறரைக் கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்குவதால் ஒவ்வொரு விநாடிக்கும் 22 மைக்ரோவிநாடி விலகல் சேரும். இதைத் திருத்தி, ஒவ்வொரு 10 நானோவிநாடியிலும் 2 நானோவிநாடிச் சாளரம் மட்டும் திறந்தால் இரைச்சலில் ஐந்தில் நான்கு பங்கு தொலைந்துவிடும்.

#12 சாவிக்கொத்து

அத்தனையும் செய்து பிட்கள் வந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிழை விகிதம் 1 விழுக்காடானால், பிழைதிருத்தத்துக்கும் கசிவுநீக்கத்துக்கும் போக 82 விழுக்காடு மிஞ்சும். 5 ஆனால் 38. 8 ஆனால் 13. 11ஐ நெருங்கினால் ஒன்றும் இல்லை. இது லட்சியக் கணக்கு. டிகாய் மதிப்பீட்டின் ஐயங்களையும் சேர்த்தால் இன்னும் குறையும்.

ஒரு உதாரணம்: சாளரத்துக்குள் சிக்னல் விநாடிக்கு 5,000, இரைச்சல் 500. இரைச்சலில் பாதி தவறான விடை, 250ஐ 5,500ஆல் வகுத்தால் 4.5 விழுக்காடு. புகைமூட்டத்தில் சிக்னல் பாதியானால் அதே இரைச்சல் 8 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அதனால்தான் சொல்கிறேன், பௌர்ணமி இரவும் புகை மாதமும் சேர்ந்தால் வீட்டில் படுத்துத் தூங்கலாம்லா.

அடுத்தது சிறு மாதிரிப் பிரச்சினை. புள்ளிவிவர ஐயத்தைப் பத்துக் கோடியில் ஒன்றுக்குக் கீழே வைக்க ஒரு தொகுப்பில் பத்து லட்சம் பிட்டாவது வேண்டும். மேகத்தில் வெட்டுப்பட்ட 40 விநாடிக் கடப்பைத் தனியாகப் பதப்படுத்தினால் விடை பூஜ்யம். பல கடப்புகளைச் சேர்த்து வைத்துப் பதப்படுத்துங்கள். ஆனால் நல்ல இரவையும் 9 விழுக்காட்டு இரவையும் கலக்காதீர்கள், நல்லதையும் அது கெடுக்கும்.

இனி கசப்பான பகுதி. கோள் பினாங்குக்கு ஒரு சாவி, மறுமுனைக்கு வேறொரு சாவி கொடுத்து, இரண்டின் எக்ஸ்-ஆரை (எந்தெந்த பிட் வேறுபடுகிறது என்ற பட்டியலை) வெளியிடும். இரண்டு பக்கமும் ஒரே சாவிக்கு வந்துவிடுவார்கள். ஆனால் கோளுக்கு இரண்டும் தெரியும்! கோளை நடத்துபவரை நம்பியாகவேண்டும். மேலும், சாதாரண வழியில் பேசுவது உண்மையான மறுமுனையோடுதான் என்று உறுதிசெய்ய ஆரம்பச் சாவி ஒன்றும் முன்பே இருக்கவேண்டும். இதே நேரத்தில் குவாண்டம் கணினிக்கு எதிரான மென்பொருள் தரங்களை அமெரிக்காவின் நிஸ்ட் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. அதற்கு மேகமும் இல்லை, குவிமாடமும் இல்லை. வங்கிக்காரர் கேட்டால் முதலில் அதைப் போடச் சொல்வேன்.

#13 ஒற்றைத்துகள்

கோளை நம்பாமல் இருக்க, அளவீட்டு விடைகள் ஒன்றோடொன்று ஒத்துவரும் பிணைந்த ஃபோட்டான் ஜோடியை இரு நிலையத்துக்கும் அனுப்பும் முறை இருக்கிறதே? சிங்கப்பூர்க்காரர்கள் சின்னக் கோளிலேயே செய்தார்கள் என்று படித்தேன்.

#14 டெசிபெல்தாசன்

ஸ்பூக்கி-1 தானே? சிங்கப்பூர் குவாண்டம் தொழில்நுட்ப மையத்தின் கோள், 2019 ஜூனில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது, 3 கிலோவுக்கும் கீழே. பிணைந்த ஜோடிகளை அந்தச் சிறு பெட்டிக்குள் உண்டாக்கி, பெட்டிக்குள்ளேயே அளந்து காட்டினார்கள். தரைக்கு ஜோடி அனுப்பவில்லை. அதன் சாதனை சிறிது என்று சொல்லவில்லை. கருவி அந்த எடைக்குள் பிழைக்கும் என்று காட்டியதே பெரிது. ஆனால் உங்கள் கேள்விக்கு விடை அது இல்லை.

விடை 2020இல் மிசியஸ் செய்தது. சீனாவின் டெலிங்ஹா, நான்ஷான் இரண்டு நிலையத்துக்கும் இடையே 1,120 கி.மீ. தூரம், இரண்டும் ஒரே நேரத்தில் பிடிக்கவேண்டும், சாவி வேகம் விநாடிக்கு 0.12 பிட். 256 பிட் சேர 35 நிமிடம், அதாவது ஏழு முழுக் கடப்பு. இரண்டு இழப்பும் பெருக்கிக்கொள்வதால் இப்படி. அங்கே மேகமும் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் விலகியிருக்கவேண்டும். பினாங்கும் கோத்தா கினபாலுவும் ஒரே ஐந்து நிமிடத்தில் தெளிவாக இருக்கும் இரவுகளை மழைக்கணக்கு அண்ணன் எண்ணிச் சொல்லட்டும், பிறகு பேசலாம்.

#15 மழைக்கணக்கு

விரல் போதும்.

#16 சாவிக்கொத்து

சிரித்துவிட்டேன். இருந்தாலும் நம்பிக்கைப் பிரச்சினைக்கு இடைவழி ஒன்று உண்டு: வெவ்வேறு நாட்டார் நடத்தும் இரண்டு கோளிலிருந்து தனித்தனிச் சாவி வாங்கி, அவற்றோடு நிஸ்ட் முறைச் சாவியையும் எக்ஸ்-ஆர் செய்யுங்கள். மூன்றும் ஒரே கையில் சிக்கினால்தான் உடையும்.

#17 ஒற்றைத்துகள்

திருத்திய திட்டம்: பந்தாய் ஆச்சே, 60 செ.மீ., நிலநடுக்கோட்டுப் பாதையை முதன்மையாக எண்ணிய பீடம், இரண்டாம் நிலையம் கிழக்குக் கரை. கோள் எதுவும் கையில் இல்லாத இப்போதே என்ன சோதிக்கலாம்?

#18 கண்ணாடிக்காரர்

இரண்டு விஷயம். முதலில் வானம் முழுவதையும் படமெடுக்கும் மீன்கண் கேமரா ஒன்றைக் கூரையில் மாட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம், ஓராண்டு. விலை குறைவு. வேறு எதை வாங்கும் முன்பும் இது.

பிறகு கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு போலி மூலம். பட்டர்வொர்த் கட்டடம் ஒன்றில் நான்கு போலரைசேஷன் லேசர், ஜார்ஜ்டவுனில் உங்கள் ஒளி வாங்கும் பெட்டி, நடுவே மூன்று கி.மீ. கடல். 60 செ.மீ. வேண்டாம், 10 செ.மீ. லென்ஸ் போதும். நான்கு லேசருக்கும் அலைநீளம், துடிப்பு அகலம், நேரம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று அளந்து வையுங்கள். ஒத்துப்போகாவிட்டால் போலரைசேஷனைப் பார்க்காமலே எந்த பிட் என்று கண்டுபிடித்துவிடலாம். கிடைமட்டப் பாதையில் காற்றலைவு கடுமையாக இருக்கும் என்பதால் பொட்டு ஆடுவதைக் கண்டு பயப்படவேண்டாம்.

#19 டெசிபெல்தாசன்

அந்தச் சோதனையில் துடிப்புக்கு 0.5 ஃபோட்டான் என்றால் 10 கோடித் துடிப்புக்குச் சக்தி 12 பிக்கோவாட். சாதாரணச் சக்திமானி அதைக் காட்டாது. 1 மில்லிவாட்டில் அளந்து, தனித்தனியே அளவுகுறித்த தணிப்பான்களை அடுக்கி 79 டெசிபெல் குறையுங்கள். 40 டெசிபெல் தணிப்பான் என்று மேலே அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். அது 1,550 நானோமீட்டருக்கு அளந்ததாக இருக்கும், 850இல் வேறு எண் காட்டும்.

#20 கண்ணாடிக்காரர்

தணிப்பான்களை ஒன்றுக்கொன்று இணையாக அடுக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். இணையாக நின்றால் இரண்டுக்கும் நடுவே ஒளி முன்னும் பின்னும் தெறித்து, துடிப்புக்கு வால் முளைக்கும். அந்த வால் அடுத்த சாளரத்தில் போய் விழும்.